ஜெலட்டின் எங்கே ஒளிந்திருந்தது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

நொறுக்கன்:
விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினை விட்டு 3 வருடமாகிறது. ஜெல்லி மிட்டாயும் மார்ஷ்மெல்லோவும் வாங்காமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். கவிழ்த்தது ஒரு தானிய பார். உறை முழுக்க ஓட்ஸும் பழமும்தான் படம். பாதி தின்ற பிறகு சும்மா திருப்பிப் பார்த்தேன். ஜெலட்டின் என்று தனியாக எதுவும் இல்லை. ஏழாவதாக ‘மார்ஷ்மெல்லோ துண்டுகள்’, பக்கத்தில் அடைப்புக்குறி, அதற்குள் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், கடைசியில் எறும்பு எழுத்தில் ஜெலட்டின்! இப்போதெல்லாம் அடைப்புக்குறிக்குள் இருப்பதைத்தான் முதலில் படிக்கிறேன். உங்களுக்கு எதில் மாட்டியது?

இரவுப்பூனை:
எனக்குப் பழத் தயிர். கொழுப்பு குறைத்தது என்பதால் உடம்புக்கு நல்லது என்று வாங்கினேன். கொழுப்பை எடுத்துவிட்டால் கெட்டியாக நிற்க வேறு ஏதாவது வேண்டுமே, அந்த இடத்தில் ஜெலட்டின். எல்லாத் தயிரிலும் இல்லை, அதனால்தான் ஏமாந்தேன்.

கண்ணாடிக்காரர்:
நான் உறையில் சேர்பொருள்களுக்குப் போடும் இ எண்ணில் தடுமாறியவன். இ440 என்றால் பெக்டின், பழத்திலிருந்து எடுப்பது. 441 என்பது சில பட்டியல்களில் ஜெலட்டின். ஒரே ஒரு எண் வித்தியாசத்தில் நல்ல மிட்டாயைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். வேடிக்கை என்னவென்றால் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஜெலட்டினை உணவுப்பொருளாகவே கணக்கிடுகிறார்கள், அதற்கு இ எண்ணே கிடையாது. எண்ணை மட்டும் தேடினால் அங்கே கோட்டை விட்டுவிடுவீர்கள்.

இரவுப்பூனை:
அட, இ406, இ407?

கண்ணாடிக்காரர்:
அகர், கராஜீனன். இரண்டும் கடற்பாசி. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

மழைக்குருவி:
நான் பட்டியலில் எதுவும் இல்லாமலே மாட்டினேன். மஞ்சள் நிறப் பழபானம். நிறத்துக்கு பீட்டா கரோட்டின் என்று மட்டும் போட்டிருந்தது. சந்தேகப்பட்டுத் தயாரிப்பாளருக்கு எழுதினேன். அந்த நிறமி தண்ணீரில் கரையாது, அதனால் மீன் ஜெலட்டினில் கலந்து சேர்க்கிறோம் என்று பதில் வந்தது. மீன் என்றால் பரவாயில்லை என்பவர்கள் உண்டு. எனக்குச் சரிப்படாது.

நொறுக்கன்:
இது எனக்கே புதிது. இன்னொன்று: வழக்கமாக வாங்கும் பெக்டின் மிட்டாய்ப் பை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்து வெயிலில் அலைந்தேன். எப்போதும் அசையாமல் இருப்பது, அன்று ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தது. ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே உருகும், பெக்டின் அவ்வளவு சீக்கிரம் இளகாது. உறையைப் பிரித்துப் பார்த்தால் செய்முறையை மாற்றியிருக்கிறார்கள். படம், நிறம், பெயர் எல்லாம் பழையதுதான்.