ஃபார்ம்.டி முடித்தபின் ஆராய்ச்சிப் பக்கம் போனவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. ஃபார்ம்.டி (டாக்டர் ஆஃப் ஃபார்மசி) ஆறு வருஷம் முடித்துவிட்டு, நாலு வருஷமாக ஒரு தனியார் மருத்துவமனையில் கிளினிக்கல் ட்ரையல் (நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்கும் ஆய்வு) கோ-ஆர்டினேட்டராக இருக்கிறேன். சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு, ஆய்வுக்கு ஒப்புதல் தரும் எத்திக்ஸ் கமிட்டிக்கான ஃபைல், பேஷன்ட் ஃபாலோ-அப் எல்லாம் கைவந்த வேலை. போன வாரம் ஒரு பாட்டி ஒப்புதல் படிவத்தைப் பார்த்துவிட்டு, "கைநாட்டு வெச்சா வீட்டை எழுதி வாங்கிடுவியாம்மா?" என்றார். சாட்சி ஒருவரை உட்காரவைத்து, முக்கால் மணி நேரம் விளக்கினேன். எனக்குப் பிடித்ததே அந்த முக்கால் மணி நேரம்தான். ஆனால் ஆராய்ச்சிக் கேள்வியை யாரோ எழுத, நான் ஃபார்ம் நிரப்பிக்கொண்டே இருப்பது அலுத்துவிட்டது.

பிஎச்.டி செய்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி, ஆசிரியர் வேலைக்குப் போக ஆசை. கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாகச் சேர்ந்தவர்கள், கைடு எப்படிப் பிடித்தீர்கள்? இல்லை, அயப்பாக்கம் என்ஐஇ-யில் (தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம்) ரெண்டு வருஷ எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) முடித்துவிட்டுப் போவது நல்லதா? புராஜெக்ட் வேலைக்கும் கூப்பிடுகிறார்கள். புராஜெக்ட் முடிந்தால் சம்பளமும் முடிந்தது, வீட்டுக் கடன் அப்படி முடியாதே!

அனுபவப்பட்டவர்கள் கமென்ட்டிலோ இன்பாக்ஸிலோ சொல்லுங்கள். கன்சல்டன்சி விளம்பரம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.