பொருள்: நம் குளத்துக்குப் பிள்ளைகள் அனுப்பியிருக்கும் பட்டியல்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் மதினிமாருக்கும் வணக்கம்.

வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர் சங்கத்தின் போன கூட்டத்தில் பொங்கலுக்கு ஊரில் ஆயிரம் மரக்கன்று நடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பனியன், பேனர், கல்வெட்டு வரைக்கும் பேச்சு போனது. ஊரில் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசலாம் என்று நான் அன்றைக்குச் சும்மா இருந்தேன். இப்போது கேட்டாச்சு. மரக்கன்று வேண்டாம் என்கிறார்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்சு, தடித்த கையுறை, நீளக் கம்பு போட்ட இரும்புக் கொக்கி, மாதம் ஒரு நாள் டிராக்டர் வாடகை, எல்லோருக்கும் டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி). பட்டியல் அவ்வளவுதான். விழாச் செலவில் பாதிகூட ஆகாது. ஆனால் இது ஒரு தடவை கொடுத்துவிட்டு மறந்துபோகிற பணம் இல்லை, மாதாமாதம் வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

யார் இந்தப் பிள்ளைகள் என்று பம்பாயிலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்டிருந்தார். எல்லாம் நமக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள்தான். கல்லூரிக்குப் போகிறவர்கள், பேட்டையில் ஐடிஐ முடித்தவன், செல்போன் கடை வைத்திருப்பவன், பீடி சுற்றிக்கொண்டே தபாலில் பி.ஏ. படிக்கிற பெண். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஒன்று சேர்ந்தவர்கள். அந்த 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. நாமெல்லாம் அங்கங்கே உட்கார்ந்து ஊருக்குப் போன் கிடைக்காமல் தவித்தோம். நம் ஊரில் அன்று ராத்திரி குளம் முட்டியும், மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் மறுகாலில் தண்ணீர் போகவில்லை. அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, மெத்தை மாதிரி வந்து அடைத்துக்கொண்டது, அதில் சாக்கும் துணியும் பிளாஸ்டிக்கும் சிக்கிக் கிடந்தன. கரை உடைந்திருந்தால் கீழத்தெரு இருந்திருக்காது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, அரிவாளும் கடப்பாரையும் வைத்து அடைப்பை வெட்டிவிட்டது இந்தக் கூட்டம்தான். வெள்ளம் வடிந்தபின் நிவாரணப் பொட்டலம் வந்தது, போட்டோ எடுப்பவர்கள் வந்தார்கள், போனார்கள். இவர்கள் மட்டும், அடுத்த மழைக்குள் மறுகாலைச் சுத்தமாக வைக்க வழி என்ன என்று உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

அதற்கு முன்பும் ஊரில் வசூல் பண்ணி ஜேசிபி விட்டு அமலையை வாரியது பலருக்கு நினைவிருக்கும். குளம் பளிச்சென்று இருந்தது, நாமும் படத்தைப் பார்த்துக் கைதட்டினோம். அடுத்த பிசான நெல் சாகுபடிக்குள் பழையபடி பச்சை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடிக்கு நல்ல சத்து கிடைத்தால் இரண்டு வாரத்திலேயே இரண்டு மடங்காகிவிடும். விதை சேற்றுக்குள் பல வருஷம் கெடாமல் கிடக்கும். பூக்குமுன் எடுக்க வேண்டும், எடுத்ததைத் தண்ணீர் ஏறாத மேட்டில் போட வேண்டும், மிச்சம் இருக்கும் துண்டுகளைத் தொடர்ந்து பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஜேசிபிக்காரர் கரை ஓரத்திலேயே போட்டுவிட்டுப் போனார், முதல் மழையில் அது திரும்பக் குளத்துக்குள் இறங்கிவிட்டது. இப்போது பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொக்கி போட்டு இழுத்து மேட்டில் காயவைக்கிறார்கள். செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் மலையாகக் கிடப்பது வெயிலில் காய்ந்து ஒரு கட்டாகச் சுருங்கிவிடுகிறது. அப்புறம் டிராக்டரில் ஏற்றி வாழைக்கு மூடாக்காகப் போட்டுவிடுகிறார்கள். வாழை வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்குகிறார்களாம்.

செடியை எடுப்பதோடு அவர்கள் நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். செடிக்குச் சத்து எங்கிருந்து வருகிறது என்று பின்னாடியே நடந்து பார்த்திருக்கிறார்கள். நம் தெரு வாறுகால் (சாக்கடை) எல்லாம் கடைசியில் குளத்தில்தானே விழுகிறது. குளிக்கிற சோப்பு, துணி துவைக்கிற பவுடர், கழுநீர், சில வீடுகளின் கக்கூஸ் தண்ணீர். அதனால் குளத்தை ஒட்டிய தெருவில் வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். குழி வெட்டி, அடியில் பெரிய கல், அதன்மேல் சல்லி, அதற்கும் மேல் மணல். குழிக்கு முன்னால் சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் தங்க ஒரு சின்னத் தொட்டி. தொட்டியை அடிக்கடி கழுவாவிட்டால் குழி அடைத்துக்கொள்ளும் என்பதையும் சொல்லித்தான் வெட்டுகிறார்கள். நூறு நாள் வேலையில் சில குழிகளை ஊராட்சி மூலம் வாங்கினார்கள், மிச்சம் தாங்களே வெட்டியது. மேலத்தெருச் செம்மண்ணில் தண்ணீர் நன்றாக இறங்குகிறது. கீழத்தெருக் களிமண்ணில் இறங்கவில்லை. அங்கே குழியை விட்டுவிட்டு, தண்ணீர் போகிற வழியில் கல்வாழையும் வாழையும் வைத்திருக்கிறார்கள். கக்கூஸ் தண்ணீருக்கு இவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

மடை ஷட்டரில் சிக்கும் குப்பையைப் பிரித்துப் பார்த்தால் பாலிதீன் பைக்கு அடுத்தபடியாகக் குழந்தைகளின் டயபரும் நாப்கினும்தான் இருந்ததாம். பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெண்பிள்ளைகள்தான் இதைக் கையில் எடுத்தார்கள். வீடு வீடாகப் போய் மதினிமாரிடமும் அத்தைமாரிடமும் பேசியதில் தெரிந்தது, தூய்மைக் காவலர் வண்டியில் இதைப் போடக் கூச்சம், எரித்தால் நாற்றம், அதனால் இருட்டினபின் வாய்க்காலில் எறிவது. குறை சொல்லாமல் கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் பதில் வந்திருக்கிறது. இப்போது பழைய தாளில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துத் தனியாகக் கொடுத்தால் வண்டியில் தனிப் பையில் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. தூய்மைக் காவலர் அக்காவுக்கு நல்ல கையுறை வாங்கிக் கொடுத்தபிறகுதான் அவர் சம்மதித்தார். அதில் நியாயம் இருக்கிறது. பட்டியலில் கையுறை எண்ணிக்கை ஏன் கூடுதல் என்று கேட்டவருக்கு இதுதான் பதில்.

நம் கோயில் திருவிழாவான அம்மன் கொடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசிய தட்டும் கப்பும் தடை. நம் கொடையில் அதெல்லாம் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கொடைக் கமிட்டியிடம் சண்டை போடவில்லை. வாழை இலை நாங்கள் அறுத்து வருகிறோம், தண்ணீர் டிரம்முக்கும் எவர்சில்வர் தம்ளருக்கும் தம்ளர் கழுவுவதற்கும் நாங்கள் பொறுப்பு என்றார்கள். கழுவுகிறவன் கிடைத்தால் கமிட்டிக்கு என்ன கஷ்டம்?

பறவை விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரி மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து நடத்துகிறது, மாணவர்களும் தன்னார்வலர்களும் போய் எண்ணுகிறார்கள். நம் பிள்ளைகள் சிலர் அதில் போய்ப் பழகிவிட்டு வந்து நம் குளத்தையும் எண்ணினார்கள். நாமக்கோழி, முக்குளிப்பான், அரிவாள் மூக்கன், கொஞ்சம் மஞ்சள் மூக்கு நாரை. எண்ணியதால் ஒரு லாபம் உண்டு. குளத்து உள்வாயில் நிற்கிற மரங்களை மொத்தமாக வெட்டி ஏலம் விட ஊரில் ஒரு பேச்சு இருந்தது. சீமைக்கருவேலத்தை எடுங்கள், நாட்டுக்கருவேலத்தில் கூடு இருக்கிறது, அதைத் தொடாதீர்கள் என்று பெயரும் எண்ணிக்கையுமாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. கூந்தன்குளத்தில் பறவைக்காக ஊரே தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறது, பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரை வயலுக்கு உரமென்று பாய்ச்சுகிறார்கள். திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றிய மருதமரங்களில் தங்கும் பறவைகளுக்காக அந்த இடத்தை 2005-லேயே காப்பகமாக அறிவித்தார்கள். இரண்டும் நமக்குப் பக்கத்து ஊர்கள்தான்.

இனி மரக்கன்று. ‘நட வாரவங்க போட்டோ எடுத்துட்டுப் போயிருவாவ, சித்திரை வெயில்ல தண்ணி ஊத்துறது யாரு அண்ணாச்சி?’ என்று அந்த ஐடிஐ பையன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை, உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். குளத்தங்கரையில் கண்ட மரத்தை நடுவதும் நல்லதில்லை. பெரிய மரத்தின் வேர் பட்டுப்போய் அழுகினால் கரைக்குள் ஓட்டை விழுந்து தண்ணீர் கசியும். பனைக்குச் சல்லிவேர், கரையைப் பிடித்து நிற்கும். அதனால் அவர்கள் புரட்டாசியில் பனங்கொட்டை பொறுக்கிக் கரையின் வெளிச்சரிவில் ஊன்றுகிறார்கள். செலவில்லை, தண்ணீரும் ஊற்ற வேண்டாம், ஆடு மாட்டுக்கும் பயமில்லை. ஊன்றியதில் கொஞ்சம் பொங்கலுக்கு யாரோ தோண்டிக் கிழங்காகத் தின்றுவிட்டார்கள். அடுத்த தடவை கிழங்குக்கென்று தனியாக ஒரு பாத்தி போட்டுவிட்டார்கள், தோண்டுகிறவர்கள் அங்கே தோண்டட்டும் என்று.

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, நாம் ஏன் காசு போட வேண்டும் என்று துபாயிலிருந்து ஒரு கேள்வி. பாதி சரி. மடை ஷட்டரைப் பழுதுபார்ப்பதும் கரையை உயர்த்துவதும் துறையின் வேலைதான், அதற்கு நாம் ஒரு பைசா கொடுக்கக் கூடாது. ஒரு அலுவலகத்தில் நம் பிள்ளைகளின் மனு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே தெரிந்தவர் யாராவது உங்களுக்கு இருந்தால் அந்த உதவி பணத்தைவிடப் பெரிது. ஆனால் நாம் தாமிரபரணியிலிருந்து பிரிகிற கன்னடியன் கால்வாயின் கடைமடைக்காரர்கள். பசு படுத்த இடத்தில் குளமும் கோமியம் விட்ட இடத்தில் மடையும் வைத்ததாக அந்தக் கால்வாய்க்கு ஒரு கதை உண்டே, அந்தப் பசு நம் ஊருக்கு வருவதற்குள் ரொம்பக் களைத்துப் போயிருக்கும் என்று என் தாத்தா கேலி பண்ணுவார். மேலே இருப்பவர்கள் எடுத்ததுபோக வருகிற தண்ணீர் நமக்கு. அது தடையில்லாமல் வரவும் மிஞ்சினால் தடையில்லாமல் போகவும், வாரம் தவறாமல் ஒரு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பு மடையைத் திறந்து மூடுகிற மடைக்குடும்பன் பார்த்தார், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து ஊரே சேர்ந்து குளத்தைச் சீர்செய்யும் குடிமராமத்து நடந்தது. இன்றைக்குப் பார்க்க ஆள் இருக்கிறது, பூட்சுதான் இல்லை.

என் யோசனை இது. பொங்கல் விழாவுக்கு ஒதுக்கியதை அப்படியே இவர்கள் பெயரில் தனிக் கணக்காக வைத்து, பொருளாளர் அண்ணாச்சி மாதம் ஒருமுறை அனுப்பட்டும். செலவுச் சீட்டைப் படம் எடுத்து இந்தக் குழுவிலேயே போடுவதாகப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். கல்வெட்டு வேண்டாம். மழைக்காலத்தில் மறுகாலுக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது, கயிறும் மேலே இரண்டு பேரும் இல்லாமல் வேலை கிடையாது என்று அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். சங்கமும் அதை எழுத்தில் கேட்டால் நல்லது.

மறுப்பு இருக்கிறவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள், தனி போனில் வேண்டாம். பூட்சு வாங்கி அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒன்று: ஆண்கள் அளவு திருநெல்வேலியிலேயே கிடைக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு நாலு, ஐந்து சைஸ்தான் எங்கே கேட்டாலும் இல்லையாம். சிங்கப்பூர்க்காரர்கள் அதை மட்டும் பாருங்கள்.