கனிஷ்காவின் காதுகுத்து: சீர் எத்தனை பவுன்?

குழு: மேட்டுத்தோட்டத்துக் குடும்பம்
12 அக்டோபர் 2025, ஞாயிறு

தங்கவேல் பெரியப்பா (காலை 7:42)
அனைவருக்கும் வணக்கம். செல்வியின் மகள் கனிஷ்காவுக்குக் கார்த்திகை 7, அதாவது நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்துவதென்று மாப்பிள்ளை வீட்டார் நாள் குறித்துவிட்டார்கள். என் தம்பி இருந்திருந்தால் சீர்ச் செலவை அவனே முன்னின்று பார்த்திருப்பான். இப்போது தாய்மாமன் என்ற முறையில் பிரபு ஒருவனே அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது. எனவே எத்தனை பவுன், எத்தனை தட்டு, யார் யாருக்குத் துணி என்பதையெல்லாம் தீபாவளிக்குள் பேசி முடித்துவிடுவோம். வழக்கம்போல் முழு வாக்கியத்தில் எழுதுங்கள். அரை வாக்கியத்துக்குக் கோயில் உண்டியலில் 10 ரூபாய் அபராதம்.

ராசாத்தி அத்தை (7:50)
2 பவுன்.

தினேஷ் (7:51)
அத்தை, 10 ரூபாய்.

ராசாத்தி அத்தை (7:55)
அபராதத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். செல்விக்குக் காது குத்தியபோது அவளுடைய தாய்மாமன் 2 பவுன் போட்டார். அதற்குக் குறைந்தால் மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறப்பார்.

தங்கவேல் பெரியப்பா (8:09)
அது 1998-ஆம் ஆண்டு. அப்போது பவுன் மூவாயிரம் ரூபாயைச் சுற்றி இருந்தது. இந்த ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில்கூட 57,000 ரூபாயை ஒட்டித்தான் இருந்தது. இந்த மாதம் 90,000-ஐத் தாண்டி நிற்கிறது. பல நாட்டு மத்திய வங்கிகள் தங்கத்தை வாங்கிக் குவிப்பதும், போர்ப் பதற்றத்தில் முதலீட்டாளர்கள் தங்கத்தின் பக்கம் ஒதுங்குவதும், டாலருக்கு எதிரான நம் ரூபாய் 88-ஐத் தாண்டி இறங்கியிருப்பதும் ஒன்றுசேர்ந்து இந்த விலையை உண்டாக்கியிருக்கின்றன. 90,000 என்றே வைத்தாலும் 2 பவுனுக்கு 1,80,000. சேதாரம் பத்து விழுக்காடு சேர்த்தால் 1,98,000. அதன்மேல் ஜிஎஸ்டி 3 விழுக்காடும் ஏறினால் ஏறக்குறைய 2,04,000 ரூபாய். தட்டுகளும் துணிகளும் வண்டி வாடகையும் இந்தக் கணக்கில் இல்லை.

சரவணன் சித்தப்பா (8:14)
தங்கத்துக்கான இறக்குமதி வரியை 2024 ஜூலை பட்ஜெட்டில் 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்தது மத்திய அரசுதான் என்பதையும் ஆசிரியர் அண்ணன் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

தங்கவேல் பெரியப்பா (8:19)
சொல்கிறேன், தம்பி. குறைத்தார்கள், விலையும் சில நாள் இறங்கியது. அதன்பின் உலகச் சந்தை ஏறிய ஏற்றத்தில் அந்தக் குறைப்பு இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

தண்டபாணி மாமா (8:22)
சமையல் எரிவாயு உருளைக்கு ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றியதும் அதே மத்திய அரசுதான். சென்னையில் இப்போது 868 ரூபாய் 50 காசு.

சரவணன் சித்தப்பா (8:24)
உருளைக்கு 100 ரூபாய் மானியம் தருவதாக 2021 தேர்தல் அறிக்கையில் எழுதியவர்கள் யார் மச்சான்? மாதந்தோறும் மின் கணக்கெடுப்பதாக எழுதியவர்கள் யார்? இன்னும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே எடுக்கிறார்கள்?

செல்வி (8:31)
பெரியப்பா, இதை அரசியலாக்க வேண்டாம். பிரபுவிடம் யாராவது கேட்டீர்களா?

பிரபு (8:58)
படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் அக்கா.

ராசாத்தி அத்தை (9:02)
படித்தால் போதாது சாமி, பதில் சொல்ல வேண்டும். என் மகள் காதுகுத்துக்கு உன் அப்பா அரைப் பவுன்தான் போட்டார். என் மாமியார் அந்த அரைப் பவுனைத் தட்டோடு எடுத்துப்போய்ப் பந்தியில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். அந்த நிலை செல்விக்கு வரக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

தங்கவேல் பெரியப்பா (9:05)
ராசாத்தி, அந்த வருடம் அவனுக்குக் கிணறு வற்றியது. இறந்தவனைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

ராசாத்தி அத்தை (9:06)
என் கிணறும் அதே வருடம்தான் வற்றியது அண்ணா.

பிரபு (9:40)
நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். ஜூலைவரை எனக்கு ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சேர்த்து மாதம் 24,000 ரூபாய் வந்தது. நாளொன்றுக்கு ஒன்றரை ஷிப்ட் ஓடிய காலம் அது. அமெரிக்கா நம் சரக்குக்கு ஆகஸ்ட் 7-இலிருந்து 25 விழுக்காடும், ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27-இலிருந்து இன்னொரு 25 விழுக்காடும் கூடுதல் வரி போட்டபிறகு, எங்கள் பனியன் கம்பெனிக்கு வர வேண்டிய கோடைக்கால ஆர்டர் பாதிக்குமேல் நின்றுவிட்டது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 விழுக்காடு, நமக்கு 50 என்றால் பையர் எதற்காக இங்கே வருவார்? தைத்து, செக்கிங் முடித்து, பெட்டி கட்டிய டி-ஷர்ட்டுகள் குடோனிலேயே அடுக்கியிருக்கின்றன. இப்போது ஒரு ஷிப்ட்தான், அதுவும் வாரத்தில் ஐந்து நாள். கைக்கு 17,000 வருகிறது. பெரியப்பா போட்ட 2,04,000 என்பது எனக்குச் சரியாக 12 மாதச் சம்பளம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

தினேஷ் (9:43)
அண்ணா, இதை ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை?

சரவணன் சித்தப்பா (9:47)
வரி போட்டது அமெரிக்கா. அதற்கு இங்கே யாரைக் குறை சொல்ல முடியும்? பஞ்சு இறக்குமதிக்கான 11 விழுக்காட்டு வரியை டிசம்பர்வரை எடுத்துவிட்டார்கள். செப்டம்பர் 22-இலிருந்து ஜிஎஸ்டியும் குறைந்திருக்கிறது. பிரபு ஓட்டும் பைக் போன்றவற்றுக்கு 28-லிருந்து 18 ஆகியிருக்கிறது.

தினேஷ் (9:49)
அண்ணன் இருக்கிற பைக்கை விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அப்பா அவருக்குப் புது பைக்கின் விலையைச் சொல்கிறார்.

சரவணன் சித்தப்பா (9:50)
நீ உன் வேலையைப் பார். பி.இ. படிக்கவைத்தது பரோட்டா பொட்டலத்தைச் சுமப்பதற்கா?

தினேஷ் (9:58)
கல்விக் கடனுக்கு மாதம் 6,000 கட்டுவது அந்தப் பரோட்டாதான் அப்பா. ஆண்டுக்கு 2 கோடி வேலை என்று உங்கள் ஆள்கள் மேடையில் சொன்னபோது நான் பள்ளியில் இருந்தேன். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களின் கல்விக் கடன் தள்ளுபடி என்று மாமாவின் ஆள்கள் எழுதியபோது கல்லூரியில் இருந்தேன். இரண்டையும் நம்பித்தான் படித்தேன். கோவையில் மழையில் நனைந்துகொண்டு, லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் பெட்ரோல் போட்டுக்கொண்டு, ஒரு ஆர்டருக்கு 30 ரூபாய் வாங்குகிறேன். அம்மாவுக்கும் அக்காவுக்கும் நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. எனக்கு மட்டும் எல்லாமே கட்டணம்தான்.

செல்வி (10:04)
தினேஷ், அந்தப் பேருந்தில் போய்வந்துதான் நான் செக்கிங் வேலை பார்க்கிறேன். மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை 2023 செப்டம்பரிலிருந்து வருகிறதே, அதை அப்படியே ஏலச்சீட்டில் போட்டு வைத்திருக்கிறேன். அது எதற்காக என்று பிறகு சொல்கிறேன். எனக்குக் கிடைத்ததை உன்னிடமிருந்து பறித்ததாக நினைக்காதே.

தினேஷ் (10:06)
உங்களைச் சொல்லவில்லை அக்கா. கோபத்தில் எழுதிவிட்டேன்.

தண்டபாணி மாமா (10:10)
பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். 2024 ஆகஸ்டில் கோவையிலேயேதான் தொடங்கினார்கள்.

தினேஷ் (10:11)
அது தொடங்கியபோது நான் படித்து முடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது மாமா.

தங்கவேல் பெரியப்பா (10:26)
பேச்சு திசைமாறினாலும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு தாலிக்கு 8 கிராம் தங்கம் கொடுத்தார்கள். 2022-இல் அதை நிறுத்தி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாற்றினார்கள். படிப்புக்குக் கொடுப்பது சரி என்றே ஓர் ஆசிரியனாக நினைக்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்துப் பையன்களின் சிக்கல் படிப்பு முடிந்த பிறகல்லவா தொடங்குகிறது? திருப்பூரின் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே நாட்டுக்குப் போனது. அந்த நாடு கதவைச் சாத்தினாலும் பனியன் கம்பெனியை விட்டால் போக வேறு இடமில்லை என்ற நிலையில் ஒரு தலைமுறையை நிறுத்தி வைத்திருக்கிறோம். இதில் சரவணன் தண்டபாணியைக் கேட்பதும் தண்டபாணி சரவணனைக் கேட்பதும்...

ராசாத்தி அத்தை (10:28)
வாக்கியம் முடியவில்லை அண்ணா. 10 ரூபாய்.

சரவணன் சித்தப்பா (10:30)
கைமடி உதவியாளிலிருந்து டெய்லர்வரை வடநாட்டுக்காரர்களை வைத்துக்கொண்டால் நம் பையன்களுக்கு எங்கிருந்து வேலை வரும்?

பிரபு (10:37)
சித்தப்பா, என் லைனில் இருந்த ஒடிசாப் பையன்கள் நாற்பது பேரில் பாதிக்குமேல் ஊருக்குப் போய்விட்டார்கள். தீபாவளிக்குப் போவதாகச் சொன்னார்கள். திரும்பி வருவதாகச் சொல்லவில்லை. அவர்கள் போனதால் எனக்கு ஒரு மணி நேர ஓ.டி.கூடக் கூடவில்லை.

ராசாத்தி அத்தை (10:45)
போன மாதம் பார்த்த வெள்ளகோவில் சாதகம் என்ன ஆயிற்று?

பிரபு (10:49)
சொந்த வீடு, இரண்டு ஏக்கர், மாதம் 50,000 சம்பளம் கேட்டார்கள் அத்தை. வீடு மட்டும்தான் என்னிடம் இருக்கிறது, அதன் பத்திரமும் வங்கியில் இருக்கிறது என்று சொன்னேன். சாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தினேஷ் (10:50)
பாலக்காட்டுப் பக்கம் பெண் பார்க்கும் தரகரின் எண் என்னிடம் இருக்கிறது அண்ணா. எனக்காக வாங்கி வைத்தது.

ராசாத்தி அத்தை (10:53)
சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். செல்வியின் அம்மா கழுத்தில் இருந்த நாலு பவுன் சங்கிலி என்ன ஆயிற்று? அதை அழித்துச் செய்தால் செய்கூலியோடு முடிந்துவிடுமே.

பிரபு (11:20)
அது அடகில் இருக்கிறது அத்தை. அப்பாவின் மருத்துவச் செலவுக்கு வைத்தது. வட்டி மட்டும்தான் கட்டி வருகிறேன். அம்மா கழுத்தில் நீங்கள் போன பொங்கலுக்குப் பார்த்தது கவரிங்.

செல்வி (11:21)
பிரபு!

செல்வி (11:21)
இது எனக்கே தெரியாது.

ராசாத்தி அத்தை (11:34)
எனக்கும் தெரியாது கண்ணு.

தண்டபாணி மாமா (11:36)
கூட்டுறவு வங்கியில் வைத்திருந்தால் 5 பவுன்வரை தள்ளுபடி ஆகியிருக்குமே.

பிரபு (11:38)
உங்களுக்கு 2021-இல் வைத்த நகைக்குத் தள்ளுபடி ஆனது மாமா. நான் வைத்தது 2023-இல். அதுவும் தனியார் கடையில்.

சரவணன் சித்தப்பா (11:40)
அந்தத் தள்ளுபடியில் மச்சானுக்கு எத்தனை பவுன் திரும்பியது என்பதை இதுவரை நமக்கெல்லாம் சொன்னதே இல்லையே?

ராசாத்தி அத்தை (11:42)
நாங்கள் தகுதியோடு வாங்கினோம். ரேஷன் கார்டைக் காட்டட்டுமா?

தங்கவேல் பெரியப்பா (11:50)
போதும். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அரைப் பவுனில் ஒரு சோடிக் கம்மல், குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு, தட்டு ஒன்பது, துணி நெருங்கியவர்களுக்கு மட்டும். 90,000 விலையில் கம்மலுக்குச் சேதாரமும் வரியும் சேர்த்து 51,000 ஆகும். அதில் 15,000 என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். இதைப் பிரபுவுக்குக் கொடுக்கும் கடனாக எண்ண வேண்டாம்; என் தம்பி உயிரோடு இருந்தால் கொடுக்க வேண்டியதில் ஒரு பகுதியாக எண்ணிக்கொள்ளுங்கள்.

பிரபு (11:58)
வேண்டாம் பெரியப்பா. தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. போன வருட அளவு வந்தால் கம்மலை நானே எடுத்துவிடுவேன். அரைப் பவுனுக்கு அக்கா வீட்டில் சம்மதமா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

செல்வி (12:03)
எனக்குச் சம்மதம். ஏலச்சீட்டு எதற்காக என்றால் இதற்காகத்தான். 25,000 எடுக்கலாம். நீ போட்டதாகவே இருக்கட்டும். வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்.

தினேஷ் (12:04)
அக்கா, இது குழு. மோகன் மாமாவும் இருக்கிறார்.

செல்வி (12:04)
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

தினேஷ் (12:06)
எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

ராசாத்தி அத்தை (12:15)
அரைப் பவுன் என்று முடிவானால் என் மாமியார் செய்ததுபோல் யாரும் தட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். கொலுசு என் பொறுப்பு. இதையும் வேண்டாம் என்று பிரபு சொன்னால் நான் விழாவுக்கே வர மாட்டேன்.

மோகன் (செல்வி வீட்டுக்காரர்) (12:41)
எனக்கு எதுவும் ஆட்சேபம் இல்லை. அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

ராசாத்தி அத்தை (12:42)
அம்மாவிடம் கேட்பது என்றால் அது 2 பவுன்தான்.

தங்கவேல் பெரியப்பா (12:50)
இதை எழுதி முடிக்க முடியாது. வரும் ஞாயிறு, 19-ஆம் தேதி காலை 10 மணிக்கு எல்லோரும் காங்கேயத்தில் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள். மாப்பிள்ளையின் அம்மாவையும் நானே நேரில் போய் அழைக்கிறேன். மறுநாள் தீபாவளி என்பதால் மதியத்துக்குள் பேசி முடித்துவிடலாம்.

பிரபு (12:57)
குடோனில் நிற்கும் ஒரு லாட் சரக்கை அனுப்ப அன்றைக்கு ஷிப்ட் போடுவார்கள் என்று பேச்சு இருக்கிறது பெரியப்பா. போட்டால் வர முடியாது. போட வேண்டும் என்றுதான் இருக்கிறேன்.

தண்டபாணி மாமா (1:05)
அன்று காலைச் சிற்றுண்டி உண்டா?

சரவணன் சித்தப்பா (1:06)
எத்தனை பேருக்கு?