ஆண்களுக்கு விதையில் கட்டி தட்டுப்பட்டால்: பார்த்த அனுபவங்களைப் பகிருங்கள்

மருந்துக்கடை, வள்ளியூர்:
"அண்ணாச்சி, வீக்கத்துக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று மெதுவாகக் கேட்பார்கள். பக்கத்தில் பெண்கள் யாராவது வந்து நின்றால் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு நழுவிவிடுவார்கள். எங்கே வீக்கம் என்று துருவினால் "சூடு பிடிச்சிருக்கு" என்று பதில் வரும். நம்ம ஊரில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போகாத வியாதி கிடையாதே! கடைக்காரர் கேட்க வேண்டியது மூன்றுதான். வலி திடீரென்று வந்ததா? காய்ச்சலோ மூத்திரக் கடுப்போ இருக்கிறதா? படுத்தால் வீக்கம் வடிகிறதா? மூன்றுக்கும் "இல்லை, சும்மா கல் மாதிரி இருக்கு, வலியே இல்ல" என்று சொன்னால் மாத்திரை கொடுக்கக் கூடாது, ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். வலி இல்லாததால்தான் ஆறு மாதம் தள்ளிப்போடுகிறார்கள். புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது.

ஸ்கேன் அறை, பாளையங்கோட்டை:
முதலில் கையால் பார்க்கும் முறை. வெந்நீரில் குளித்த கையோடு பார்க்க வேண்டும், அப்போதுதான் பை தளர்ந்திருக்கும். ஒவ்வொரு விதையாக, பெருவிரல் மேலேயும் அடுத்த இரண்டு விரல் கீழேயும் வைத்து மெள்ள உருட்டுங்கள். நல்ல விதை, தோல் உரித்த அவித்த முட்டை மாதிரி வழுவழுவென்று இருக்கும். நீளம் 4 முதல் 5 செ.மீ. ஒன்று கொஞ்சம் பெரிதாகவும், இடது சற்றுத் தாழ்ந்தும் இருப்பது இயல்பு. பின்பக்கம் மெத்தென்று சுருண்டு ஒரு குழாய் தட்டுப்படும். அது விந்துக்குழாய்ச் சுருள். அதைக் கட்டி என்று நினைத்துப் பயந்து ஓடி வருகிறவர்கள்தான் அதிகம்.

கட்டி விதையோடு ஒட்டியிருக்கிறதா, தனியாக நகர்கிறதா என்று பாருங்கள். மேலேயோ பின்னாலேயோ தனியாக, மிளகு அல்லது பட்டாணி அளவில் உருண்டால் பெரும்பாலும் நீர்க்கட்டி. விதையின் உடம்பிலேயே, அழுத்தினால் அமுங்காத கடினம் இருந்தால் அதை வேறு ஏதோ என்று ஊகிக்காமல் அந்த வாரமே ஸ்கேன் செய்ய வேண்டும். விதைப் புற்று 15 முதல் 40 வயதுக்குள்தான் அதிகம். நம் நாட்டில் அபூர்வமான நோய்தான், அதனாலேயே யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

ஓதம் (பையில் நீர் கோர்ப்பது) என்றால் இருட்டறையில் செல்போன் டார்ச்சைப் பையின் பின்னால் ஒட்டி வைத்தால் சிவப்பாக ஒளி ஊடுருவும். குடலிறக்கம் என்றால் இருமும்போது கைக்குத் தள்ளும், வீக்கத்தின் மேல் விளிம்பு பிடிபடாமல் தொடைக்கவட்டை வரை போகும். டார்ச் ஒளி தெரிந்துவிட்டது என்று இளவயதுக்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கட்டியைச் சுற்றியும் நீர் கோர்க்கும். உள்ளே இருப்பது ஸ்கேனில்தான் தெரியும்.

இடது பக்கம் புழு நெளிகிற மாதிரி இரத்தக்குழாய் புடைத்திருந்தால் வேரிகோசீல். படுத்தால் அமுங்கிவிடும். அமுங்கவே இல்லை, அல்லது வலது பக்கம் மட்டும் புதிதாக வந்தது என்றால் சிறுநீரகத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்ய வேண்டும். இரத்தக்குழாயை அங்கே ஏதாவது அழுத்திக்கொண்டிருக்கலாம்.

அறுவை அரங்கு செவிலியர், பாளை:
வலி பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை, அதுதான் முதலில் வேண்டியது. 12 முதல் 18 வயதுப் பையன், விடியற்காலையில் திடீர் வலி, வாந்தி. அம்மாவிடம் "வயிறு வலிக்கு" என்றுதான் சொல்வான். டவுசரைக் கழற்றிப் பார்க்காமல் யாரோ ஓமத்தண்ணி கொடுத்திருப்பார்கள். விதை முறுக்கிக்கொண்டால் 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். 24 மணி நேரம் கழிந்தால் பெரும்பாலும் விதை போய்விடும். திசையன்விளையில் இருந்தோ பாபநாசத்தில் இருந்தோ ஹைகிரவுண்ட் (பாளை அரசு மருத்துவமனை) வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், 108-ஐக் கூப்பிடுங்கள். வழியில் டீ, இளநீர் எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். வலி தானாக விட்டாலும் வந்தே ஆக வேண்டும். முறுக்கு அவிழ்ந்ததாலும் வலி விடும், விதை செத்துப்போனதாலும் விடும்.

கட்டி விஷயத்தில் ஒன்று: விதைக்கட்டியை ஊசி குத்தி நீர் எடுக்கவோ சதை எடுத்துப் பார்க்கவோ பையின் வழியாக யாரையும் விடக் கூடாது. மற்ற பல கட்டிகளுக்கு முதலில் ஊசிப் பரிசோதனை, இதற்குக் கிடையாது. விதையின் நிணநீர் வயிற்றின் பின்பக்கம் போகிறது, பைத்தோலின் நிணநீர் தொடை இடுக்குக்குப் போகிறது. பையைக் கீறினால் நோய்க்குப் புது வழி திறந்துவிட்ட மாதிரி. தொடைக்கவட்டில் கீறி, விதைக்கு இரத்தம் கொண்டுபோகும் கொடியை மேலே கட்டிவிட்டு, விதையை முழுதாக எடுப்பதுதான் முறை.

லேப், அம்பாசமுத்திரம்:
விதைக்கட்டிக்கு ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்று மூன்று இரத்தப் பரிசோதனை எழுதி வரும். "ஆம்பளைக்கு எதுக்குக் கர்ப்ப டெஸ்ட்?" என்று சிரித்து நடுவில் உள்ளதை அடித்துவிடுகிறவர்கள் உண்டு. அடிக்கக் கூடாது. சில வகைக் கட்டி அந்தச் சுரப்பைத்தான் சுரக்கும். இரத்தம் அறுவைக்கு முன்பே எடுக்க வேண்டும். பிறகு ஏஎஃப்பி 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைய வேண்டும், எச்சிஜி இரண்டொரு நாளில். குறையாமல் நின்றால் எங்கோ மிச்சம் இருக்கிறது. மூன்றும் நார்மல் என்பதால் கட்டி இல்லை என்று ஆகாது.

மருந்துக்கடை, வள்ளியூர்:
கழற்சிக்காயை விளக்கெண்ணெயில் அரைத்துப் பத்துப் போடுகிறார்களே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஸ்கேன் அறை, பாளையங்கோட்டை:
போடட்டும், ஆனால் ஸ்கேன் ரிப்போர்ட் கையில் வந்த பிறகு. பத்து காய்ந்து தோல் இறுகினால் வீக்கம் குறைந்த மாதிரி தெரியும், மாதம் ஓடிவிடும். இன்னொன்று, காய்ச்சல், வலியோடு வந்த வீக்கம் இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும் வடியவில்லை என்றால் அடுத்த கோர்ஸ் எழுதாமல் மறுபடி ஸ்கேன். பின்பக்கச் சுருள் மட்டும் முடிச்சு முடிச்சாக இறுகியிருந்தால் காசநோயையும் பார்க்க வேண்டும். "மைக்ரோலித்தியாசிஸ்" என்று ரிப்போர்ட்டில் கண்டால் அதை மட்டும் வைத்துப் புற்று என்று அலற வேண்டாம், சுண்ணாம்புத் துகள்கள்தான்.

சின்ன வயதில் விதை இறங்காமல் இருந்து பிறகு ஆபரேஷன் செய்தவர்கள் சுயமாகப் பார்ப்பதை விடவே கூடாது. பிள்ளைக்கு 6 மாதம் ஆகியும் பைக்குள் இறங்கவில்லை என்றால் உடனே காட்டுங்கள், "கல்யாணத்துக்குள்ள எறங்கிரும்" என்று பெரியவர்கள் சொன்னால் கேட்காதீர்கள்.

அறுவை அரங்கு செவிலியர், பாளை:
கட்டி உறுதியானால் வீட்டார் முதலில் கேட்பது, "கல்யாணம் பண்ணலாமா?" ஒரு விதை போதும், ஆண்மைக்கும் குழந்தைக்கும். ஆனாலும் கீமோவுக்கு முன்பே, முடிந்தால் அறுவைக்கு முன்பே, கருத்தரிப்பு மையத்தில் விந்தைச் சேமிக்கச் சொல்லுங்கள். டாக்டர் சொல்ல மறந்தால் நீங்களே கேளுங்கள். பரவியிருந்தாலும் கைவிட வேண்டியதில்லை, சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ 3 அல்லது 4 சுற்று, சுற்றுக்கு 21 நாள். முன்கூட்டியே பிடித்தால் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிற புற்று இது. யுவராஜ் சிங்குக்கு நெஞ்சில் வந்ததும் இந்த இனத்துக் கட்டிதான். 2012-இல் கீமோ முடித்து அதே வருடம் இந்திய அணிக்கு ஆட வந்துவிட்டார்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகம் போங்கள். ஸ்கேன் படம், முதல் இரத்த ரிப்போர்ட், எடுத்த விதையின் பயாப்சி முடிவு, மூன்றையும் வீட்டில் ஒரு நகல் வைத்திருங்கள். பின்தொடர் சோதனை வருடக்கணக்கில் போகும், டாக்டர் மாறிக்கொண்டே இருப்பார்.