‘பெய்ட்காஸ்டிங் ரீல்’: ‘இரைவீச்சுச் சுருள்’ வேண்டாம், ‘சுழல்கட்டை ராட்டை’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

தூண்டில் கம்பில் மாட்டி நூலைச் சுற்றும் ‘ரீல்’ வகைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இரண்டு வாரமாக வந்த மடல்களை நேற்றிரவு மொத்தமாக உட்கார்ந்து படித்தேன். ‘பெய்ட்காஸ்டிங் ரீல்’ என்பதற்கு ‘இரைவீச்சுச் சுருள்’ என்றும், ‘ஸ்பின்னிங் ரீல்’ என்பதற்குச் ‘சுழல் சுருள்’ என்றும் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. பட்டியலில் ஏற்றுவதற்கு முன் இந்த மடலையும் தயவுசெய்து படித்துவிடுங்கள். அந்த இரண்டு சொற்களையும் நம்பிக் கடைக்குப் போகிறவர் தப்பான கருவியோடு வீடு திரும்புவார்.

நான் கனடாவில் ஒன்டாரியோவில் இருக்கிறேன். ஜூனிலிருந்து ஏரி உறையும் வரை கவார்த்தா ஏரிகளில் மஸ்கி மீனுக்குத் தூண்டில் வீசுவேன். பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று இங்கே இதைப் பற்றிச் சொல்வார்கள். கிடைத்தால் நாலடி நீளம்கூட இருக்கும்; அளந்துவிட்டு மறுபடி தண்ணீரில் விட்டுவிடுவோம். இதற்கு வீசும் பொய்யிரைகள் சாதாரணமாக 80 கிராமிலிருந்து 170 கிராம் வரை இருக்கும். ரப்பரில் வார்த்த பெரிய இரைகள் சில அரைக் கிலோவை நெருங்கும். காலை முதல் மாலை வரை இதை நூற்றுக்கணக்கான தடவை வீசி, நூற்றுக்கணக்கான தடவை சுற்றி இழுக்க வேண்டும். ரீல் சரியாக அமையாவிட்டால் மூன்றாம் நாள் மணிக்கட்டு வீங்கிவிடும். ‘எந்த ரீல் வாங்கலாம்’ என்று தமிழில் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் இந்தக் குழுவில் சேர்ந்தேன். ஆகவே எனக்கு இந்தச் சொற்கள் நாளைக்கே தேவை.

முதலில் ‘சுழல் சுருள்’. ஆங்கிலத்தில் ஸ்பின்னிங் ரீல் என்று எதைச் சொல்கிறார்களோ, அதில் நூல் சுற்றியிருக்கும் கட்டை வீசும்போது சுழல்வதே இல்லை. அது அசையாமல் நிற்க, நூல் அதன் விளிம்பின் மேலாக வளையம் வளையமாகக் கழன்று ஓடும். திரும்பச் சுற்றும்போதும் கட்டை சுற்றுவதில்லை. கட்டையைச் சுற்றி வரும் ஒரு கை நூலை அதன்மேல் சுற்றிவிடுகிறது. பெய்ட்காஸ்டிங் ரீலில்தான் கட்டை முழுவதும் உருண்டு நூலை விடுகிறது, உருண்டு நூலை வாங்குகிறது. அப்படியிருக்க, சுழலாததற்குச் ‘சுழல்’ என்று பெயர் வைத்தால், படிக்கிறவர் இரண்டையும் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார். பிரிட்டனில் ஸ்பின்னிங் ரீலை ‘ஃபிக்ஸ்டு ஸ்பூல்’ (நிலைத்த கட்டை) என்றும், பெய்ட்காஸ்டிங் ரீலை ‘மல்டிப்ளையர்’ (பெருக்கி) என்றும் சொல்கிறார்கள். அங்கே பெயர் கருவியின் வேலையைச் சொல்கிறது. மூலமாக எதையாவது எடுத்துக்கொள்வதானால் அதை எடுத்துக்கொள்வோம்.

‘இரைவீச்சு’ என்பதிலும் இதே சிக்கல்தான். இரை வீசுவதற்குத்தானே இரண்டு ரீலும்? ஒரு நண்பர் ‘கனவீச்சு ராட்டை’ என்று சொல்லிப் பார்த்தார், அதுவும் சரிவராது. கடலில் பாரை மீனுக்குப் பெரிய பாப்பர் (நீர்மட்டத்தில் ஓசையெழுப்பி வரும் பொய்யிரை) வீசுகிறவர்கள் நிலைத்து நிற்கும் கட்டையுள்ள பெரிய ரீலில்தான் 150 கிராம் வரை வீசுகிறார்கள். தூரமும் வேகமான சுற்றும் அவர்களுக்கு முக்கியம். எடையை வைத்துப் பெயர் சூட்டினால் அங்கே உடைந்துவிடும். கட்டை சுழல்கிறதா, நிற்கிறதா என்பது எந்த ஏரியிலும் எந்தக் கடலிலும் மாறாது.

சரி, ‘சுருள்’ ஏன் வேண்டாம்? சுருள் என்பது சுற்றப்பட்ட பொருள்; சுற்றும் கருவி அல்ல. படச்சுருள் என்றால் படம்தான் நினைவுக்கு வரும், அதைச் சுற்றும் இயந்திரம் வராது. ‘தூண்டிற்சுழலி’ என்பதும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நூல் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இரைக்கு முன்னால் மாட்டும் சின்னக் கண்ணியைச் ‘சுழலி’ என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அந்தச் சொல்லை அதற்காக விட்டுவைப்போம்.

என் பரிந்துரை ராட்டை.

என் பாட்டி வீட்டில் தறி இருந்தது. சைக்கிள் சக்கரத்தை வைத்துக் கட்டிய ராட்டையில் பாட்டி தார் (ஊடைநூல் சுற்றிய சிறு குழல்) சுற்றுவார். வலது கை சக்கரத்தைச் சுற்றும், இடது கை நூலைப் பிடித்திருக்கும். பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, அதோடு கயிற்றால் இணைந்த கதிர் (தாரை மாட்டும் கம்பி) பல சுற்றுச் சுற்றும். கை மெதுவாக, நூல் வேகமாக. மல்டிப்ளையர் என்ற பெயரின் பொருளே இதுதான். கயிறு செய்த வேலையை ரீலுக்குள்ளே பற்சக்கரம் செய்கிறது, அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் இந்த வகை ரீலைச் செய்து பெயர் வாங்கிய ஜார்ஜ் ஸ்னைடர் கடிகாரம் செய்கிறவர். பல்லோடு பல் கோப்பது அவருக்குக் கைவந்த வேலை.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. நிற்கும் கட்டை ரீலுக்கு 1905இல் காப்புரிமை வாங்கிய ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரத்துக் கம்பளி ஆலைக்காரர். தறியில் ஊடைநூலைக் கொண்டு இங்கும் அங்கும் ஓடும் நாடாவுக்குள் தார் அசையாமல் இருக்க, நூல் அதன் முனை வழியாகக் கழன்று வருவதை நம் நெசவாளர் வீடுகளில் குழந்தைகளும் பார்த்திருப்பார்கள். இல்லிங்வொர்த்துக்கும் யோசனை ஆலையின் நூல்கண்டிலிருந்துதான் கிடைத்தது என்று சொல்வார்கள். ஆக, நெசவுச் சொல்லை இங்கே கொண்டுவந்தால் அது கடன் கேட்பது ஆகாது. ஒரு கருவி தன் பிறந்த வீட்டுப் பெயரோடு வருகிறது.

கட்டைக்கு முதலில் ‘தார்’ என்றே வைக்க நினைத்தேன். ‘சுழல்தார்’ நன்றாக அமைந்தது. ‘நிலைத்தார்’ என்று எழுதியதும், யாரோ பெரியவர் நிலைத்து நின்றது போல் வாசிக்கிறது. சாலைத் தாரும் குறுக்கே வரும். எனவே ஸ்பூலுக்கு ‘நூல்கட்டை’, சுருக்கமாகக் கட்டை. தையல் நூல் மரக்கட்டையில் சுற்றி வந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். அப்படியானால்,

சுழல்கட்டை ராட்டை – பெய்ட்காஸ்டிங் ரீல்
நிலைக்கட்டை ராட்டை – ஸ்பின்னிங் ரீல்

முன்னது வினைத்தொகை, அதனால் வல்லெழுத்து மிகாது. பின்னதில் மிகும். எழுதும்போது கவனம் தேவை.

சொல் நிற்குமா என்று பார்க்க ஒரே வழி, அதை வாக்கியத்தில் போட்டு வேலை வாங்குவதுதான். நான் எழுத நினைத்த கட்டுரையின் ஒரு துண்டு இது:

“100 கிராமுக்கு மேல் வீசுவதானால் சுழல்கட்டை ராட்டையே வசதி. நிலைக்கட்டை ராட்டையில் வீசும் கணம்வரை நூலை விரலில் தாங்க வேண்டும். அந்த எடைக்குப் பின்னல் நூல் விரலை அறுக்கும். சுழல்கட்டையில் நூலைத் தொடவே வேண்டாம், கட்டையின்மேல் கட்டைவிரலை அழுத்தினால் போதும். இழுக்கும்போதும் ஆதாயம் உண்டு: கைப்பிடியின் அச்சும் கட்டையின் அச்சும் இணையாக இருப்பதால் விசை செங்குத்தாகத் திரும்ப வேண்டியதில்லை. அளவில் 300, 400 என்று குறிப்பிடும் ராட்டைகளைப் பாருங்கள். ஷிமானோ டிராங்ஸ், டைவா லெக்ஸா போன்றவை இந்த வகை. உருண்டை வடிவில் ஆபு கார்சியா ஆம்பசடர் 6500, 7000 என்று பழைய குதிரைகளும் உண்டு. பல்விகிதத்தை (கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் கட்டை எத்தனை சுற்று என்பதை) மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். நூல் நிறைந்த கட்டையின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்றால், 5க்கு 1 விகிதத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 63 சென்டிமீட்டர் நூல் வரும். 7க்கு 1 என்றால் 88. பெரிய தகடுகள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இரைக்கு முதலாவது கையை நோகவிடாது. எடை இருந்தும் தண்ணீரில் லேசாக வரும் ரப்பர் இரைக்கு இரண்டாவது, தொய்ந்த நூலைச் சட்டென்று வாங்கிவிடும்.”

எழுதும்போது ஓரிடத்திலும் சொல் தடுக்கவில்லை. ‘கட்டை’, ‘கட்டைவிரல்’ இரண்டும் அடுத்தடுத்து வருவது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. ஏற்கத்தக்கது என்றே நினைக்கிறேன்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் சிறிய 200 அளவு ராட்டையில் தகடு இரைகளை இழுத்தேன். அடுத்த கோடைக்குள் பற்சக்கரம் தேய்ந்து, கைப்பிடி கரகரவென்று சத்தம் போட்டது. ராட்டையின் சட்டம் உறுதியான உலோகமாக இருக்க வேண்டும், கைப்பிடி நீளமாக, குமிழ் உள்ளங்கை நிறைய இருக்க வேண்டும் என்று அப்போது எனக்குச் சொல்லத் தமிழில் ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை.

அப்புறம் ‘பேக்லாஷ்’. ‘பின்னடிப்பு’ என்று வந்திருக்கிறது. எதுவும் பின்னால் அடிப்பதில்லை. பறக்கும் இரை காற்றில் வேகம் குறைகிறது அல்லது தண்ணீரில் விழுந்து நிற்கிறது; கட்டை மட்டும் பழைய வேகத்தில் உருண்டுகொண்டே இருக்கிறது. போக இடமில்லாத நூல் கட்டைக்குள்ளேயே கொத்தாகச் சிக்கிக்கொள்கிறது. நூலைக் கட்டை முந்தியதால் வந்த சிக்கு, ஆகவே ‘முந்துசிக்கு’. கன இரையில் இது வெறும் தொல்லையாக முடிவதில்லை. பாதி வீச்சில் முந்துசிக்கு விழுந்து கட்டை நின்றபோது, என்னுடைய 110 கிராம் இரை நூலை அறுத்துக்கொண்டு தனியாகப் பறந்துபோய் ஏரி நடுவில் விழுந்தது. அந்தப் பக்கம் படகு இல்லை என்பது என் பாக்கியம். இதைத் தடுக்கத்தான் கட்டையின் ஓரத்தில் காந்த பிரேக்கும் மையவிலகு பிரேக்கும் வைக்கிறார்கள். இவற்றுக்குச் சொல் தேட வேண்டியதில்லை, இயற்பியல் பாடத்தில் இருப்பதே போதும். மீன் பலமாக இழுத்தால் நூலை அறுபடாமல் வழுக்கி விடும் ‘டிராக்’ என்பதற்கு வந்த ‘வழுக்குப்பிடி’யும் எனக்குச் சம்மதம்.

ஒன்றுதான் என்னால் முடியவில்லை. ‘லெவல்வைண்ட்’: கட்டைக்கு முன்னால் இடமும் வலமுமாகப் போய்வந்து நூலை மேடுபள்ளம் இல்லாமல் பரப்பிச் சுற்றவைக்கும் உறுப்பு. பாட்டியின் இடது கை தார் சுற்றும்போது இதே வேலையைத்தான் செய்தது, நூலைப் பிடித்தபடி மெல்ல இங்கும் அங்கும் போய்வரும். அந்த அசைவுக்கு அவர் ஏதாவது பெயர் சொன்னாரா என்பது நினைவில் இல்லை. கேட்பதற்கு இப்போது அவரும் இல்லை. சேலத்திலிருந்து எழுதும் அக்கா தன் வீட்டில் இன்னும் தறி ஓடுவதாகப் போன மடலில் எழுதியிருந்தார். அக்கா, ராட்டையில் உட்காருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்வீர்களா?