கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு: “மறுப்பு” சரிதானா?

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்ற கணினிப் பிழைச் செய்திக்கு நம் தமிழாக்கத்தில் “இணைப்பு மறுக்கப்பட்டது” என்று எழுதியிருந்தீர்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் ‘பெர்மிஷன் டினைடு’ ஏற்கெனவே “அனுமதி மறுக்கப்பட்டது” ஆகிவிட்டதே! அவசரத்தில் இருப்பவர் கண்ணில் இரண்டிலும் “மறுக்கப்பட்டது” மட்டும்தான் படும்.

போன வாரம் நானே மாட்டினேன். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக ஒரு சர்வருக்குள் போகப் பார்த்தால் ரெஃப்யூஸ்டு. கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் சாவிக் கோப்பில்தான் கோளாறு என்று புதுச் சாவி உருவாக்கி, கோப்பின் பெர்மிஷனை 600 (உரியவர் மட்டும் படிக்க, எழுத) ஆக்கி, அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால், ரீஸ்டார்ட் ஆனபின் அங்கே எஸ்எஸ்எச் இணைப்புகளை ஏற்கும் எஸ்எஸ்எச்டி நிரல் ஓடவே இல்லை. சாவியை வாங்கிப் பார்க்க ஆளே இல்லாத இடத்தில் மறுத்தது யார்? எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் துறையில் (போர்ட்) எந்த நிரலும் காத்திருக்காததால், இயங்குதளத்தின் கருவான கெர்னலே, இணைப்பை முறிக்கும் ஓர் ஆர்எஸ்டி பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதாவது கணினி உயிரோடுதான் இருக்கிறது. பெர்மிஷன் டினைடு வந்தால்தான் சாவியையோ பயனர் பெயரையோ சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: “ஏற்பாரில்லை”.

‘டைம்ட் அவுட்’டுக்குக் “காலாவதி” வேண்டாம், அது மாத்திரை அட்டையில் பார்க்கிற சொல். இங்கே நடப்பது, திரும்பத் திரும்பத் தட்டியும் சத்தமே இல்லாதது. “பதில் வரவில்லை” போதும்.

---

தம்பிக்கு,

“ஏற்பாரில்லை” காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஓர் இடத்தில் பொய்யாகிவிடும். இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் ரிஜெக்ட் (திருப்பி அனுப்பு) விதி போட்டிருந்தாலும் பெரும்பாலும் இதே ரெஃப்யூஸ்டுதான் வரும். எஸ்எஸ்எச்டி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், வாசலில் காவலாள் திருப்பி அனுப்பியிருப்பான். அப்போது ஆளில்லை என்று எப்படிச் சொல்வது?

“இணைப்பு ஏற்கப்படவில்லை” என்றால் இரண்டுக்கும் பொருந்தும், “மறுப்பு” குழப்பமும் தீரும். எஸ்எஸ்எச் காட்டும் செய்தியில் துறை எண் ஏற்கெனவே இருக்கிறது. “22ஆம் துறை இணைப்பை ஏற்கவில்லை” என்றே முழுதாக எழுதினால், எங்கே தேடுவது என்றும் தெரிந்துவிடும். உங்கள் அரை நாளும் மிஞ்சியிருக்கும்.

“பதில் வரவில்லை” எனக்குச் சம்மதம். ஃபயர்வால் பதில் சொல்லாமல் டிராப் செய்தாலும், கணினியே அணைந்து கிடந்தாலும் அது உண்மை.

அப்புறம், அந்தக் கணினியைச் சென்றடைய முடியாதபோது வரும் ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ பாக்கி. “கணினிக்கு வழியில்லை” என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார். படித்தால் கணினி வாங்கக் காசில்லை என்பது போல இருக்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.