நுண்துளையா, துளைமுறையா? எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைப் படிவத்துக்கான சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு, காரைக்குடியிலிருந்து வணக்கம்.

உடல் எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சையை லேப்ராஸ்கோப்பி கொண்டு (வயிற்றில் சிறு துளைகளிட்டு, கேமராவையும் கருவிகளையும் நுழைத்து) செய்வதற்கும் வயிற்றைத் திறந்து செய்வதற்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பத்து நாள்களாகப் பேசி வருகிறோம். ‘நுண்துளை அறுவை’, ‘சாவித்துளை அறுவை’, ‘வயிற்றகநோக்கி அறுவை’ ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. சென்ற வாரம் நான் ‘துளைவழி அறுவை’ என்று எழுதியிருந்தேன்; அதை இப்போது நானே திருத்திக்கொள்கிறேன். நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் இந்தச் சொற்கள் அச்சாகப் போவதால், காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

படிவத்தின் முதல் வரைவைப் பள்ளத்தூரில் என் ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். (எங்கள் பக்கம் மூத்த சகோதரியை ஆச்சி என்றே அழைப்போம்.) அவருக்கு வயது 53, எடை 118 கிலோ, சர்க்கரையும் மூட்டுவலியும் உண்டு, முன்பே இருமுறை வயிற்றில் அறுவை நடந்திருக்கிறது. வளவுத் தூணில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், ‘நுண்துளை’ என்ற சொல் வந்ததும் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். “தம்பி, லேசர்லதானே செய்றாக? ஓட்டை சின்னதுன்னா உள்ளேயும் கொஞ்சமாத்தானே வெட்டுவாக?” என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு பிழையான எண்ணங்கள் இருந்தன. லேப்ரோ என்பதை லேசர் என்று கொள்வது ஒலி ஒற்றுமையால் வந்தது. ஊரில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், தமிழ்ச்சொல் வந்தால் அது தானே மறையும். இரண்டாவது எண்ணத்தை உண்டாக்கியதோ நாம் தேர்ந்த சொல். வயிற்றுச் சுவரில் ஏறத்தாழ 5 முதல் 12 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள ஐந்தாறு துளைகளை இட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்து, ஒரு துளையில் கேமராவையும் மற்றவற்றில் நீண்ட கருவிகளையும் நுழைத்து வேலை செய்கிறார்கள். ஆயினும் இரைப்பையில் நடக்கும் வேலை இரு முறைகளிலும் ஒன்றேதான். இரைப்பையைக் குறுகிய குழல்போல ஆக்கும் ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் வெட்டி எடுக்கப்படுகிறது. எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை. அத்தகைய அறுவைக்கு ‘நுண்’ என்ற அடையைக் கொடுத்தால், கையெழுத்திடுகிறவர் எதற்கு ஒப்புகிறார் என்பது அவருக்கே தெரியாமல் போகிறது. தவிரவும், நுண்ணோக்கியின் துணையோடு நரம்பையும் இரத்தக்குழாயையும் இணைக்கும் அறுவைக்கு ‘நுண்ணறுவை’ என்ற பெயர் தேவைப்படும். அதற்குரிய அடையை இங்கே செலவழித்துவிடக் கூடாது.

‘சாவித்துளை’ ஆங்கிலத்தில் ‘கீஹோல்’ என்று பொருந்துகிற உவமை. ஆனால் செட்டிநாட்டு வீட்டு முகப்புக் கதவின் சாவி ஒரு சாண் நீளம் இருக்கும்; அதைத் துளையில் இட்டுத் திருப்பினால் இரட்டைக் கதவு முழுவதும் திறந்துகொள்ளும். அந்தச் சொல்லைப் படித்ததும் ஆச்சி, “அப்பக் கடைசியில வயித்தைத் திறந்துருவாகளா?” என்றார். எந்த முறையிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக அந்த உவமை வந்ததோ, தமிழ்க் காதில் அந்த முறைக்கே அது கொண்டுபோய் விடுகிறது. இதற்குமேல் அதைப்பற்றி விவாதிக்க வேண்டியதில்லை என்று கருதுகிறேன்.

‘வயிற்றகநோக்கி அறுவை’ மூலச்சொல்லுக்கு உண்மையாக இருக்கிறது என்று கோவை மருத்துவர் ஐயா எழுதியிருந்தார். கிரேக்கத்தில் லாப்பரா என்பது விலாவுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட மென்பகுதி. ஸ்கோப்பியோ என்றால் நோக்குதல். ஆனால் 1910-இல் ஸ்வீடன் மருத்துவர் ஜாக்கோபேயஸ் மனிதர்களிடம் இதைச் செய்து வெளியிட்டபோது, உள்ளே பார்ப்பதே அதன் நோக்கமாக இருந்தது. ஜெர்மன் மருத்துவர்களான குர்ட் செம் 1980-இல் குடல்வாலையும், எரிக் மூஹே 1985-இல் பித்தப்பையையும் இம்முறையில் அகற்றினார்கள். உணவு இரைப்பையின் பெரும்பகுதியைத் தவிர்த்துச் செல்லும்படி செய்யும் இரைப்பைப் புறவழி (பைபாஸ்) அறுவை இம்முறையில் நடந்தது 1990-களில்தான். பார்ப்பதற்கென்று பிறந்த பெயர், செய்வதற்கும் தொடர்ந்துவிட்டது. நோய் அறிவதற்காக மட்டும் பார்க்கும்போது ‘வயிற்றக நோக்கல்’ என்று தாராளமாகச் சொல்லலாம். அறுவையின் பெயரில் ‘நோக்கி’ நின்றால், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி என்றே நோயாளி எண்ணிக்கொள்கிறார்.

இன்னொரு சிக்கலும் அதில் இருக்கிறது. ‘வயிறு’ என்ற சொல் நம் பேச்சில் வெளிச்சுவரையும் குறிக்கும், உள்ளறையையும் குறிக்கும், இரைப்பையையும் குறிக்கும். வேறு அறுவைகளில் இது பெரிதாகத் தொல்லை தராது. இங்கோ, வயிற்றைத் திறப்பதா துளையிடுவதா என்பது ஒரு கேள்வி, இரைப்பையை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. ‘வயிற்றைக் குறைக்கும் அறுவை’ என்ற தொடரைக் கேட்டுத் தொப்பைக் கொழுப்பை எடுப்பார்கள் என்று நம்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே படிவம் முழுவதிலும் உறுப்பைக் குறிக்கும் இடங்களில் ‘இரைப்பை’ என்ற சொல்லையே ஆள வேண்டும். ‘வயிறு’ சுவருக்கும் அறைக்கும் மட்டுமே இருக்கட்டும்.

திறந்து செய்வதற்குத் தனிப்பெயர் வேண்டாம், ‘வழக்கமான அறுவை’ என்றால் போதும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மருத்துவர்கள் எட்வர்ட் மேசனும் இட்டோவும் 1966-இல் அமெரிக்காவின் அயோவாவில் இரைப்பைப் புறவழி அறுவையைத் தொடங்கியபோது திறப்பது ஒன்றே முறை. அதற்கு அடைமொழி தேவைப்படவில்லை. எள்ளின் நெய்தான் எண்ணெய். பிற வித்துகளின் நெய்யும் எண்ணெய் ஆன பிறகு அதற்கு ‘நல்லெண்ணெய்’ என்று பெயர் வேண்டியிருந்தது. பிராய்லர் வந்ததும் நம் கோழி ‘நாட்டுக்கோழி’ ஆயிற்று. அதே நிலைதான் இங்கும். இன்று எடைக்குறைப்பு அறுவைகளில் மிகப் பெரும்பாலானவை துளையிட்டே நடைபெறுவதால், ‘வழக்கமான’ என்ற சொல் பொய்யாகவும் ஆகிவிடும்.

இனி என் திருத்தம். ‘துளைவழி’ என்ற சொல் தனியே நிற்கும்போது நன்றாகவே இருந்தது. ஆனால் பைபாஸ் அறுவையை நெடுஞ்சாலைத் தமிழை ஒட்டிப் ‘புறவழி’ என்று முன்னரே முடிவு செய்திருக்கிறோம். இரண்டையும் சேர்த்தால் ‘துளைவழி இரைப்பைப் புறவழி அறுவை’ என்று வருகிறது. எந்த வழி உணவு செல்லும் வழி, எந்த வழி கருவி செல்லும் வழி என்று படிப்பவர் மயங்குவார். ஆகவே ‘துளைமுறை அறுவை’, ‘திறப்புமுறை அறுவை’ என்ற இணையை முன்வைக்கிறேன். ‘ஓட்டை’ எல்லோருக்கும் பழகிய சொல்தான் என்றாலும் அது பழுதுக்குரியது. பானையில் விழுவது ஓட்டை, கழுத்துருவின் (எங்கள் பக்கத்துத் திருமண மாலையின்) பொன்மணியில் பத்தர், அதாவது பொற்கொல்லர், வேண்டுமென்றே இடுவது துளை. சிகிச்சைச் சொல் எதுவாயினும் இந்த அடைகள் மாறாமல் நிற்கும் என்பதால், யாழ்ப்பாணத்து அம்மையார் விரும்பியபடி இலங்கை வழக்கில் ‘துளைமுறைச் சத்திரசிகிச்சை’ என்றும் தடையின்றி எழுதலாம்.

இணையாக இருப்பதில் இன்னொரு பயனும் உண்டு: இரண்டையும் பக்கத்தில் வைத்து நோயாளி தேர்ந்தெடுக்க முடியும். ஒரே வகை அறுவை நடந்தால் எடை குறைவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு காயத்தில் இருக்கிறது. துளைமுறையில் வலி குறைவு, காயத்தில் சீழ் பிடிப்பதும் பின்னாளில் தழும்பின் வழியே குடல் பிதுங்குவதும் குறைவு, விரைவில் எழுந்து நடக்கலாம், வீடு திரும்பலாம். முந்தைய அறுவைகளால் உள்ளுறுப்புகள் கடுமையாக ஒட்டிக்கிடந்தாலோ, கொழுப்பேறிப் பெருத்த கல்லீரல் இரைப்பையை மறைத்தாலோ, வாயுவின் அழுத்தத்தை இதயமும் நுரையீரலும் தாங்கமாட்டா என்றாலோ திறப்புமுறை வேண்டியிருக்கலாம். கல்லீரலைச் சுருக்கத்தான் அறுவைக்கு முன் இரண்டு வாரம்போலக் குறைந்த கலோரி உணவு கொடுக்கிறார்கள். அந்தக் காரணத்தையும் படிவத்தில் சேர்த்திருக்கிறேன்.

துளைமுறையில் தொடங்கி நடுவில் திறக்க நேர்வதை மருத்துவர்கள் ‘கன்வெர்ஷன்’ என்கிறார்கள். இதற்கு ஒரு பெயர்ச்சொல்லைத் தேடி நான் மூன்று நாள் செலவிட்டேன். ‘மாற்றம்’ என்று தனியே எழுதினால் எதிலிருந்து எதற்கு என்று தெரியவில்லை; ‘கைவிடல்’ என்றால் தோல்வி என்ற பொருள் ஏறிவிடுகிறது. உள்ளே கண்ட நிலைமைக்கேற்ப நோயாளியின் உயிரைக் கருதி எடுக்கும் முடிவு அது. ஆகவே பெயரை விட்டு வினையாகவே எழுதினேன்: “துளைமுறையில் தொடங்குவோம். உறுப்புகள் ஒன்றோடொன்று பிரிக்க இயலாதபடி ஒட்டியிருந்தாலோ, இரத்தக்கசிவு அடங்காவிட்டாலோ, அப்போதே திறப்புமுறைக்கு மாறுவோம். அதற்கும் உங்கள் ஒப்புதலை இப்போதே கேட்கிறோம்.” இதைப் படித்துக் காட்டியபோது ஆச்சி நிறுத்தவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, “எனக்கு ரெண்டு தடவ வெட்டியிருக்காகளே, அது ஒட்டியிருக்குமான்னு மொதல்ல டாக்டர்ட்டக் கேக்கணும்” என்றார்.

ஸ்லீவ் என்பதற்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. ‘சட்டைக்கை’ வடிவத்தைக் காட்டுகிறது, ஆனால் படிவத்தில் ஒட்டவில்லை. ‘குழலிரைப்பை அறுவை’ என்பது என் மனத்தில் இருக்கிறது. படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாற்றுச்சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியன், காரைக்குடி